நவ்ரீனின் கமிஷனை ஏலம் விட்ட கதை

பழைய வண்ணாரப்பேட்டையில் நவ்ரீனிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் குறைவு. கல்யாணத்துக்கு முன்னால் அவள் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலையில் இருந்தாள். கைக்குட்டை வாங்க வந்தவர்கள் கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். போகும்போது அவளுக்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போவார்கள். "அந்தப் பொண்ணு பேசினா சுடிதார் தானா மடிஞ்சி பைக்குள்ள போய்க் குந்திக்கும்" என்று கடை முதலாளி சொல்வாராம். சொல்வாரே தவிர, சம்பளத்தை உயர்த்தியதில்லை. நவ்ரீனும் கேட்டதில்லை.

அங்கேதான் சங்கதி இருக்கிறது. அடுத்தவர் பொருளுக்கு விலை சொல்லச் சொன்னால் நவ்ரீன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வாள். தன் உழைப்புக்கு ஒரு தொகை கேட்கச் சொன்னால், அந்த வாய் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது. முகதாட்சண்யம் என்று ஒரு வியாதி உண்டே, அது அவளுக்கு முற்றிய நிலையில் இருந்தது. பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா மாமிக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். மாமி பர்ஸைத் திறப்பதற்குள் "இருக்கட்டும் மாமி, எங்க போயிடப் போறீங்க" என்பாள். மாமியும் எங்கேயும் போகவில்லை, காசும் எங்கேயும் போகவில்லை. மாமியிடமே பத்திரமாக இருக்கிறது.

"உன் வாயி ஊருக்குத்தான் சம்பாரிக்குது. வூட்டுக்கு லீவு வுட்டுடுது" என்பான் அவள் கணவன் தமீம். துறைமுகத்தில் கன்டெய்னர் லாரிகளுக்குக் கேட் சீட்டு எழுதுகிற வேலை அவனுக்கு. நாள் முழுக்க டிரைவர்களின் சத்தத்தைக் கேட்டுவிட்டு வருவதால் வீட்டில் அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கிண்டல் மட்டும் குறைவில்லாமல் வரும்.

கொரோனா காலத்தில் வீட்டோடு கிடந்தபோதுதான் நவ்ரீன் தையல் மிஷினை ஜன்னல் ஓரம் இழுத்துப் போட்டாள். எம்.சி. ரோட்டுக் கடைகளில் கழித்துப் போடும் துண்டுத் துணிகளை எடை போட்டு வாங்கிவந்து சுருக்குப்பை தைத்தாள். பட்டுக் கரை வைத்தது, கண்ணாடி பதித்தது, கல்யாணத்துக்கு என்று ஜரிகை ஓடியது. போனில் படம் எடுத்து, 'பேட்டைப் பை' என்று பெயர் வைத்து இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினாள். கடையில் புடவை விற்ற வாய் இப்போது விரல் வழியாகப் பேசியது. "இந்தப் பையில உங்க சாவி போட்டா சாவிக்கே கவுரவம் வந்துடும்" என்று எழுதுவாள். கோயம்புத்தூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஆர்டர் வந்தது. பெரிய பணம் இல்லை. ஆனால் அவள் பணம்.

ஜெஸ்லின் இந்தக் கதைக்குள் வந்தது ஒரு கிழிந்த பையால். ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் மீன் வாங்கிவிட்டு நவ்ரீன் நாலடி நடக்கவில்லை, பிளாஸ்டிக் பை பிய்ந்து சங்கரா மீன் எல்லாம் தரையில் விழுந்தது. மீன் விற்ற ஜெஸ்லின் எழுந்து வந்து பொறுக்கிக் கொடுத்தாள். தன் பக்கத்தில் இருந்த ஒரு வயர்க்கூடையைக் காலி செய்து நீட்டினாள்.

"இத்த எடுத்துக்கினு போ. அடுத்த வாரம் வந்தா திருப்பிக் குடு. வரலேன்னாலும் பரவால்ல, இன்னொண்ணு பின்னிக்குவேன்."

"நீங்களே பின்னுனதாக்கா?"

"பின்ன? தானா மொளைக்குமா?"

ஜெஸ்லின் காலையில் ஏலத்தில் மீன் எடுத்து விற்பவள். அவள் கணவன் கஸ்பார் விசைப்படகில் போகிறவன். வியாபாரம் முடிந்து மத்தியானம் கை சும்மா இருந்தால் அவளுக்குத் தலைவலி வரும், அதனால் கூடை பின்னுவாள். நவ்ரீன் அந்தக் கூடையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி, மொட்டைமாடியில் வைத்து, உள்ளே கொஞ்சம் மல்லிகைப்பூவைப் போட்டுப் படம் எடுத்துப் பேட்டைப் பை பக்கத்தில் ஏற்றினாள். சும்மா அழகாக இருக்கிறதே என்றுதான். சாயங்காலத்துக்குள் "விலை என்ன?" என்று கேட்டுக் கேட்டுப் போன் சூடாகிவிட்டது.

இப்படித்தான் தொடங்கியது. ஜெஸ்லின் பின்னுவாள், நவ்ரீன் விற்பாள். தொடக்கத்திலேயே ஜெஸ்லின் ஒழுங்காகக் கேட்டாள். "உனக்கு எவ்ளோ கமிஷன்மே?"

நவ்ரீன் காதைப் பொத்தாத குறை. "ச்சே, நமக்குள்ள இன்னாக்கா கமிஷனு? கூடைக்கு நானூத்தம்பது வந்தா நானூத்தம்பதும் உனக்குத்தான்."

ஜெஸ்லின் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தராசைத் துடைத்தாள்.

நவ்ரீனுக்குக் கமிஷன் என்ற சொல்லே ஆகாது. அதற்குக் காரணம் அந்த ஜவுளிக்கடை. விற்காமல் தேங்கிய புடவைகளின் உள்மடிப்பில் முதலாளி ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டி வைப்பார். பொட்டு வைத்த புடவையைத் தள்ளிவிட்டால் தள்ளியவருக்குக் கமிஷன். வாங்குகிற அம்மாவுக்கு அந்தப் பொட்டு தெரியாது. 'உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கு' என்ற வார்த்தைக்குப் பின்னால் பொட்டு இருக்கிறதா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் நவ்ரீனின் மனதில் கமிஷன் என்றால் ஒளித்து வைத்த பொட்டு. தோழிக்கும் தனக்கும் நடுவில் அதை ஒட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

அந்த வருஷம் நவ்ரீனின் பேரத்துக்கும் நல்ல காலம் பிறந்தது. ஞாயிறு தவறாமல் ஜெஸ்லினிடம் மீன் வாங்கப் போவாள். "இந்தச் சங்கராவுக்கா இந்த வெல? கண்ணப் பாருக்கா, தூங்கி எந்திரிச்ச மாரி கீது" என்று தொடங்குவாள். ஜெஸ்லின் முறைப்பாள், தலையில் அடித்துக்கொள்வாள், கடைசியில் "எடுத்துக்கினு போ, தொல்ல வுட்டுது" என்பாள். நவ்ரீன் மாடிப்படி ஏறும்போதே ரஹீமுன்னிசா மாமிக்கும் எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி விலையைச் சொல்லிக்கொண்டு ஏறுவாள். "காசிமேட்டுலயே என் வாய்க்கு எதிர நிக்க ஆளு இல்ல!"

"இருக்கலாம்" என்பான் தமீம், முள்ளை எடுத்துக்கொண்டே. "மீன் நல்லா கீது."

கூடை வியாபாரம் வளர வளர ஒரு கோளாறும் கூடவே வளர்ந்தது. ஆர்டர் எழுதுவது, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது, அட்டைப்பெட்டி தேடுவது, கூரியர் ஆபீஸ் வரிசையில் நிற்பது, எல்லாம் நவ்ரீன் தலையில். ஒரு அம்மா நீலம் என்றால் மயில் நீலமா வான நீலமா என்று ஒரு காலை முழுக்கக் கேட்டார். பெட்டிக்கும் டேப்புக்கும் நவ்ரீனின் கைக்காசு போனது. சுருக்குப்பை தைக்க நேரமில்லை. தையல் மிஷின் மேல் கூடைகளை அடுக்கி வைக்கும்படி ஆயிற்று. சொந்தப் பையின் வருமானம் நின்றுபோனது.

இதை யாரிடம் சொல்வது? கொடுத்ததே அவள்தான். வெளியே சிரித்துக்கொண்டிருந்தாள், உள்ளே கசந்தது. ஜெஸ்லின் புதுக் கூடை என்று போனில் படம் அனுப்பினால் முன்பு இனித்தது, இப்போது 'இன்னொண்ணா' என்று அலுப்பாக இருந்தது. அந்த அலுப்பு வந்ததற்காக அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. கோபம் வழக்கம்போல் தமீமின் சாம்பாரில் உப்பாக இறங்கியது.

இந்த நிலைமையில்தான் மாத்தூரிலிருந்து ரகுபதி என்பவர் கூப்பிட்டார். மகள் கல்யாணம். வந்தவர்களுக்குத் தாம்பூலம் கொடுக்கச் சின்ன வயர்க்கூடை வேண்டும், நூற்றுக்கு மேல். பச்சையும் மஞ்சளும். பாதிப் பணத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டார். "கல்யாண வீடும்மா. கைவிட்றாதீங்க" என்றார். நவ்ரீன் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்தாள். அந்தப் பணத்தில் வயர் கட்டுகளை வாங்கி ஆட்டோவில் போட்டு ஜெஸ்லினிடம் இறக்கினாள். ஒருத்தியால் முடிகிற வேலை இல்லை. அதனால் ஜெஸ்லின், மீன் வெட்டிக் கொடுக்கும் ஹெப்சிபாவையும் கருவாடு விற்கும் அம்முவையும் சேர்த்துக்கொண்டாள். இருவருக்கும் பின்னத் தெரியும்.

ஒரு வாரம் கழித்து ஜெஸ்லினின் குரல்பதிவு வந்தது. "நவ்ரீனு, என் பங்கு முடியப் போவுது. இவளுங்க ரெண்டு பேரும் வயர்ல கையே வெக்கல. வெக்க மாட்டோம்னு சொல்றாளுங்க. நேர்ல வா."

நவ்ரீன் காலண்டரைப் பார்த்தாள். கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. கூடை போகாவிட்டால் பேட்டைப் பையின் பெயர் மாத்தூர், மணலி என்று ஊர் முழுக்கக் கெடும். அதைவிட ஒரு கல்யாண வீட்டுக்காரரை நடுவில் விட்ட பாவம். ஷேர் ஆட்டோவைப் பிடித்துக் காசிமேட்டுக்கு ஓடினாள்.

காலை ஏலம் ஓய்ந்து தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஹெப்சிபா அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து யாருக்கோ வஞ்சிரம் மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய உடம்பு, சின்னக் கண். பேச்சும் அந்த அரிவாள்மணை மாதிரிதான், நேராக இறங்கும். அம்மு பக்கத்தில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பச்சையும் மஞ்சளுமாக வயர் கட்டுகள் பிரிக்காமல் அப்படியே கிடந்தன.

"குந்து" என்றாள் ஜெஸ்லின்.

நவ்ரீன் உட்காரவில்லை. "இன்னாக்கா இது? கல்யாண வூட்டுக்கு வாக்கு குடுத்துட்டேன். இவங்களுக்கு இன்னா வேணுமாம்?"

"ஒண்ணு கேக்குறேன்" என்றாள் ஹெப்சிபா, மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு கூடைக்கு நீ எவ்ளோ எடுக்குற?"

"ஒரு பைசா எடுக்கல."

அரிவாள்மணையில் மீன் நின்றது. ஹெப்சிபா அம்முவைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்தியா? நான் சொன்னேன்ல?"

நவ்ரீனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவந்தது. "இன்னா சொன்னீங்க? நான் திருடின்னா? ஒரு வருஷமா ஓசியில ஒழைச்சிக்கினு கீறேன், என் மிஷின்ல தூசி அடைஞ்சி போச்சி, அதுக்குப் பேரு திருட்டா?" இதுவரை யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த கசப்பு எல்லாம் மீன் மார்க்கெட் நடுவில் கொட்டியது.

"திருடின்னு யாரும் சொல்லலமே" என்றாள் ஹெப்சிபா. அவள் குரலில் கோபம் இல்லை. "தெரியலன்னு சொல்றோம். இங்க ஏலம் போடறவரு மொத மீன் கூறு எறக்கறதுக்கு முந்தியே, கமிஷன் இவ்ளோன்னு கத்திட்டுதான் வாயத் தொறப்பாரு. ஜாஸ்தி எடுத்தா சண்ட போடுவோம். ஆனா இன்னா எடுக்குறாருன்னு கடலுக்கே தெரியும். ஒரு தபா ஏலம் போட ஒருத்தன் வந்தான். நம்ம ஜனத்தாண்ட கமிஷனே வாணாம்னான். அல்லாரும் கைதட்னோம். எடைத் தட்டுக்கு அடியில ஐஸ முட்டுக் குடுத்து, எடையக் கொறச்சிக் காட்டி எங்க மீன அள்ளிக்கினு போயிட்டான். அதுலேர்ந்து சும்மா செய்றேன்னு சொல்றவங்களக் கண்டாலே எனக்கு வயித்தக் கலக்குது. நீ நல்லவளாவே இரு. எனக்கு எப்டித் தெரியும்?"

"ஜெஸ்லினக்காவுக்குத் தெரியும்" என்றாள் நவ்ரீன்.

"எனக்குத் தெரியும். இவங்களுக்கும் தெரியணும்ல?" என்றாள் ஜெஸ்லின்.

"நீ மட்டும் எப்டி ஓசியில வாங்கிக்கினு கீற?" என்று ஹெப்சிபா அவள் பக்கம் திரும்பினாள். ஜெஸ்லின் ஏதோ வேலை இருப்பது போல ஐஸ் பெட்டிப் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

நவ்ரீன் அப்போதுதான் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சிவப்புப் பொட்டைப் பற்றி எல்லாருக்கும் சொன்னாள். கமிஷன் என்றால் தனக்கு அந்தப் பொட்டுதான் ஞாபகம் வருகிறது, அதனால்தான் வேண்டாம் என்றதாகச் சொன்னாள்.

அம்மு கருவாட்டை விட்டுவிட்டுக் கவனமாகக் கேட்டாள். "உங்க கடையில பொட்ட உள்ள வெச்சாங்க. அதான் தப்பு. நெத்தியில வெச்சா இன்னா தப்பு?"

இவ்வளவு நாள் தனக்கு இது தோன்றவில்லையே என்று நவ்ரீனுக்கு வெட்கமாக இருந்தது. தன்னை உயர்த்தி வைத்திருந்த பெருந்தன்மைதான் இவர்கள் கண்ணில் சந்தேகமாக நின்றிருக்கிறது. அவள் தலையை ஆட்டினாள். "சரி. நீங்களே சொல்லுங்க. எவ்ளோ எடுக்கட்டும்?"

"நாங்க ஏன் சொல்லணும்? நீ சொல்லு" என்றாள் ஹெப்சிபா.

ஊரையே பேசி மயக்கும் வாய் இப்போது திறக்கவில்லை. நவ்ரீன் துப்பட்டா நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள். ஜெஸ்லினுக்குப் பொறுக்கவில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்றாள். காலையில் ஏலக்காரர் கத்துகிற அதே ராகத்தில் தொடங்கினாள்.

"வா வா வா! இன்னிக்கு மீனு இல்ல, வாயி! வண்ணாரப்பேட்ட பாயம்மா வாயி! போன்ல கூடை விக்கிற வாயி! கெடாத சரக்கு! நூத்துக்கு எவ்ளோ, சொல்லு சொல்லு!"

கடையைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். மானம் போகிறதே என்று நவ்ரீன் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "எறங்குக்கா! அஞ்சு! அஞ்சு போதும்!"

"அஞ்சு ஒரு தரம்!"

"அஞ்சா?" அம்மு சிரித்தாள். "அஞ்சுக்கு டேப்பு வாங்கலாம். பத்து!"

"ஏய், சும்மா ஏத்தாத" என்றாள் ஹெப்சிபா. "மொதல்ல கேப்போம். பொட்டி, டேப்பு, வயரு, இதெல்லாம் யாரு துட்டு?"

"வயரு அக்காது. பொட்டி, டேப்பு என்னுது."

"அப்டி வாணாம். போட்டுல டீசலு, ஐஸு எடுத்துட்டுதானே பங்கு பிரிக்கிறோம்? அது மாரி செலவ மொதல்ல எடுத்துடு. மிச்சத்துல சொல்லு உன் பங்க. கூடை திரும்பி வந்தா யாரு தலையில?"

"எந்தலையிலதான்."

"ஏன்?"

"கலரு வேறயா கீதுன்னு அனுப்புவாங்க. போட்டோ நான்தானே எடுத்தேன்."

"அது சரி. கைப்பிடி பிரிஞ்சி வந்தா?"

நவ்ரீன் தயங்கினாள். "அதுவும் எந்தலையிலதான். ஒண்ணு ரெண்டு வந்துச்சி. நானே ஒக்காந்து முடிச்சு போட்டு அனுப்பிட்டேன்."

ஐஸ் பெட்டி மேல் ஏலம் நின்றது. "இன்னாது? என் கூடை பிரிஞ்சி வந்துச்சா? எங்கிட்ட ஏம்மே சொல்லல?"

"சொன்னா நீ மனசு கஷ்டப்படுவியேன்னு..."

"ஐயோ ஏசப்பா! சொன்னாதானே எனக்குத் தெரியும்? நான் பாட்டுக்கு அதே முடிச்சு போட்டுக்கினே இருந்திருக்கேன்!" ஜெஸ்லினுக்கு உண்மையாகவே கோபம். பெட்டி ஆடியது. "இனிமே பிரிஞ்சா என் தலையில போடு. நல்லா போடு. கேட்டுச்சா?"

நவ்ரீனுக்குக் கேட்டது. ஒரு வருஷமாகத் தோழியின் மனசைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து அவள் கூடையைக் கெடுத்திருக்கிறாள்.

மயில் நீலம் கேட்ட அம்மாவின் கதை, கூரியர் வரிசைக் கதை, பணம் போட்டுவிட்டேன் என்று சொல்லிப் போடாதவர்களின் கதை, ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒவ்வொரு கதைக்கும் அம்மு ஏலத்தை ஏற்றினாள். "பத்து ரெண்டு தரம்" என்பது பன்னிரண்டாகி, பதினைந்தாகி, இருபதுக்கு வந்தது. கமிஷனைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டுத்தான் காசிமேடு பார்த்திருக்கிறது. கொடுக்கிறவர்களே ஏற்றுவது அதற்கும் புதுசு. ஐஸ் வண்டி தள்ளிக்கொண்டு போன ஒருவருக்குச் சமாசாரம் என்னவென்றே தெரியாது. அவரும் உற்சாகத்தில் "முப்பது!" என்று கத்திவிட்டுப் போனார்.

"இருபத்தஞ்சு!" என்றாள் அம்மு.

"நிறுத்துங்க!" நவ்ரீன் எழுந்து நின்றுவிட்டாள். "இருபத்தஞ்சு எடுத்தா உங்க கைக்கு இன்னா நிக்கும்? முதுகு ஒடிய ஒக்காந்து பின்றீங்க. நீங்க ரெண்டு மாசத்துல வெறுத்துட்டு எழுந்து போயிட்டா நான் எத்த விப்பேன்? வெலய ஏத்துனா வாங்கறவங்க ஓடிப் போவாங்க. செலவு போக நூத்துக்கு இருபது. அதுக்கு மேல ஒரு பைசா வாணாம். அதுக்குக் கீழயும் எனக்குக் கட்டுப்படி ஆவாது. நானும் மிஷின்ல ஒக்காரணும். என் பையும் நான் தைக்கணும்."

சொல்லிவிட்டு அவளே திகைத்தாள். தன் கூலியை, தன் வாயால், இத்தனை பேர் நடுவில், கூச்சமே இல்லாமல். அப்படியொன்றும் வானம் இடிந்து விழவில்லை.

ஹெப்சிபா கையைக் கழுவித் துடைத்தாள். "தோ. இப்பத்தான் யாவாரி மாரி பேசுற." அவள் கை நீண்டு ஒரு பச்சை வயர் கட்டை எடுத்துப் பிரித்தது.

"இருபது மூணு தரம்!" என்று ஜெஸ்லின் கையைத் தட்டிவிட்டுக் கீழே குதித்தாள்.

கூடைகள் முகூர்த்தத்துக்கு முதல் நாள் மத்தியானமே மாத்தூர் போய்ச் சேர்ந்தன. ஹெப்சிபா பின்னியவை அவளைப் போலவே உறுதி, யானை பிடித்து இழுத்தாலும் கைப்பிடி வராது. ரகுபதி மீதிப் பணத்தை அனுப்பிவிட்டு, "உங்களுக்குன்னு தனியா ஏதாவது தரணுமாம்மா?" என்று கேட்டார். "இல்ல சார், என் கமிஷன் அதுலயே கீது. செலவு போக நூத்துக்கு இருபது" என்றாள் நவ்ரீன். அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். பேட்டைப் பை பக்கத்தின் முகப்பிலேயே அதை எழுதியும் வைத்தாள். மிஷின் மேலிருந்த கூடைகள் கட்டிலுக்கு அடியில் போயின. ஜன்னல் ஓரத்தில் மறுபடி தையல் சத்தம் கேட்டது. ரஹீமுன்னிசா மாமியிடம் பழைய ஜாக்கெட் கூலியைக் கேட்டே விட்டாள். மாமி கொஞ்ச நேரம் அதிர்ச்சியில் இருந்தார், பிறகு கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தமீமையும் ஸ்கூட்டரில் உட்காரவைத்துக்கொண்டு காசிமேட்டுக்குக் கிளம்பினாள். கையில் கமிஷன் காசு, வாயில் பழைய திமிர். "வந்து பாருங்க, எப்டி பேரம் பேசுறேன்னு."

ஜெஸ்லின் முன்னால் சங்கரா மினுமினுத்தது. "கிலோ இன்னாக்கா?"

"நானூறு."

"நானூறா! போன வாரம் முந்நூத்திருவதுக்கு எடுத்தேன். கண்ணப் பாரு, தூங்கி எந்திரிச்ச மாரி..."

"நானூறுதான்மே."

நவ்ரீன் மீனைப் பழித்தாள், கடலைப் பழித்தாள், அடுத்த கடைக்குப் போவதாக ரெண்டடி நடந்து திரும்பி வந்தாள். ஜெஸ்லின் முறைக்கவும் இல்லை, தலையில் அடித்துக்கொள்ளவும் இல்லை. சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"போன வாரமும் நானூறுதான்" என்றாள் கடைசியில். "அதுக்கு முந்தின வாரமும் மார்க்கெட்டுல இன்னா வெலயோ அதான். நீ கமிஷன் வாணாம்னு சொன்ன அன்னிக்கே கஸ்பாரு கிட்ட சொல்லிட்டேன். ஒழைச்சவள வெறுங்கையா அனுப்ப எனக்கு வராதுன்னு. துட்டா குடுத்தா நீ வாங்க மாட்ட. அதான் மீனுல கழிச்சேன். அஞ்சுல ஒரு பங்கு, வாராவாரம். நீ உன் வாயால ஜெயிச்சேன்னு நெனச்சிக்கினு குலுக்கிக்கினு போவியா, பாக்கவே சோக்கா இருக்கும்."

தமீம் ஸ்கூட்டரில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் வண்டி ஸ்டாண்டை விட்டு நகர்ந்தது. மாமிக்கும் எதிர்வீட்டுக்கும் கேட்கக் கேட்கப் படியேறிச் சொன்ன விலைகள் எல்லாம் நவ்ரீனுக்கு வரிசையாக ஞாபகம் வந்தன.

"அப்போ என் பேரம்?"

"உன் பேரமா? ஊறுகா கூட கெடைக்காதுமே அதுக்கு."

நவ்ரீனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட இந்தப் பெண்மேல் பாசம் பொங்கியது. முகதாட்சண்யம் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தாள். இங்கே ஒருத்தி அதைத் தராசிலேயே வைத்து ஒரு வருஷம் எடை போட்டிருக்கிறாள். நவ்ரீன் பர்ஸைத் திறந்து நானூறு ரூபாயை எடுத்து நீட்டினாள். ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை.

ஜெஸ்லின் பணத்தை வாங்கி இடுப்புப் பையில் செருகினாள். அது நவ்ரீன் தைத்துக் கொடுத்த சுருக்குப்பை. மீனைக் கூடையில் போட்டாள். பிறகு பக்கத்துக் குவியலிலிருந்து இரண்டு கை நிறைய நெத்திலியை அள்ளி அதன் மேல் கொட்டினாள்.

"இது இன்னாக்கா? அதான் கமிஷன் பேசி முடிச்சாச்சே!"

"கமிஷன் அங்க முடிஞ்சிபோச்சி" என்றாள் ஜெஸ்லின். "இது கொசுறு."

நவ்ரீன் இந்த முறை இருக்கட்டும் என்று சொல்லவில்லை. கூடையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.